பெயராத பர்ணசாலை: இந்திய-ஜப்பானிய இராமாயணப் படமும் சாலைத் தெருக் குடும்பங்களும்

யூகோ சாகோ, ராம் மோகன், கோயிச்சி சசாகி ஆகியோர் இயக்கி 1992இல் முடிந்த 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' என்ற அனிமேஷன் படம் முப்பதாண்டுகளுக்குப் பின்னும் குடும்பங்களை ஈர்ப்பது ஏன்? இதற்கு இதுவரை இரண்டு விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. மூலத்துக்கு அது காட்டிய விசுவாசமே காரணம் என்பது ஒன்று. தொலைக்காட்சியில் அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறையின் பால்ய ஏக்கமே காரணம் என்பது மற்றொன்று. இரண்டாவது விடை நம்மை நெடுநேரம் நிறுத்தி வைக்கத் தேவையில்லை. பேரனுடைய ஏக்கம் பாட்டியை ஏன் உட்கார வைக்கிறது என்று அது சொல்வதில்லை. முதல் விடை வலுவானது, பரவலாக ஏற்கப்பட்டது; எனினும் தவறானது என்றே கருதுகிறேன். படம் நிலைத்திருப்பது பார்ப்பவர் கேட்டறிந்த கதையோடு அது ஒத்துப்போவதால் அன்று, சில முக்கியமான இடங்களில் ஒத்துப்போகாததால். இதைக் காட்டத் திருவனந்தபுரம் சாலைத் தெருவையும் படத்தின் ஒரே ஒரு காட்சியையும் எடுத்துக்கொள்கிறேன்.

விசுவாசம் என்ற சொல் இந்தப் படத்தோடு ஒட்டிக்கொண்ட விதத்தை முதலில் பார்க்க வேண்டும். அலகாபாத் அருகே பி. பி. லால் நடத்திய அகழாய்வைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தபோதுதான் சாகோ இக்கதையை அறிந்தார். ஜப்பானிய மொழியில் கிடைத்த இராமாயணங்களைத் தேடிப் படித்தார். அவருடைய முயற்சி குறித்து வந்த ஒரு பத்திரிகைச் செய்தியைத் தொடர்ந்து, 1983இல் விசுவ இந்து பரிஷத் ஜப்பானியத் தூதரகத்துக்கு எதிர்ப்புக் கடிதம் அனுப்பியது. அந்நியர் ஒருவர் தம் விருப்பப்படி இராமாயணத்தை எடுக்கலாகாது என்பது அதன் சாரம். படக்குழு அதன்பின் வான்மீகத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. ஆக, விசுவாசம் என்பது முதலில் ஓர் எதிர்ப்புக்குச் சொன்ன சமாதானம். சமாதானமாகச் சொன்னதை விளக்கமாக எடுத்துக்கொண்டதில்தான் முந்தைய ஆய்வு வழி தவறியது.

எந்த மூலத்துக்கு விசுவாசம் என்று கேட்டால் சிக்கல் தெளிவாகும். சாலைத் தெரு வான்மீகம் கேட்டு வளர்ந்ததன்று. திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாக்கிய இக்கடைத்தெருவில் நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள் மலையாளிகளோடு கலந்து வாழ்கின்றன, ஆ. மாதவனின் கதைகளைப் படித்தவர்களுக்கு அந்தக் கலப்பின் ஓசை பழக்கமானது. இங்கே கம்பன் ஏட்டில் மட்டும் இருப்பவன் அல்லன். கம்பர் வழிபட்டதாகச் சொல்லப்படும் சரஸ்வதி ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து கோட்டைக்குள் எழுந்தருளுகிறாள். உடன்வரும் வேளிமலைக் குமாரசுவாமி சாலையை ஒட்டிய ஆரியசாலைக் கோயிலில் தங்குகிறார். அந்த ஐதிகம் வரலாற்று உண்மையா என்பது வேறு விவாதம். கம்பனுக்கு இங்கு ஆண்டுக்கொரு முறை வரவேற்பு உண்டு என்பதே நமக்குப் போதும். மறுபுறம், கர்க்கடக மாதம் பிறந்தால் எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணம் கிளிப்பாட்டு வீடுதோறும் வாசிக்கப்படுகிறது. ஒரே வீட்டில் மாமியார் கம்பனோடும் மருமகள் எழுத்தச்சனோடும் இருப்பது சாலையில் அதிசயமில்லை.

இனி அந்தக் காட்சி. இராவணன் சீதையைக் கவர்ந்து செல்லும் இடத்தில் மூன்று பனுவல்களும் மூன்று விதமாகப் பேசுகின்றன. வான்மீகத்தில் அவன் இடக்கையால் கூந்தலையும் வலக்கையால் தொடைகளையும் பற்றித் தூக்குகிறான். கம்பனில் அவன் தீண்டுவதே இல்லை. பிரமன் உரைத்த சாபம் நினைவுக்கு வர, பர்ணசாலையை ஒரு யோசனை அளவு நிலத்தோடு பெயர்த்தெடுக்கிறான். கம்பன் இந்தக் கற்பனையை அந்த இடத்தோடு விட்டுவிடவில்லை. இலங்கையிலிருந்து திரும்பிய அனுமன், உன் தம்பி புல்லால் வேய்ந்த அந்தச் சாலையிலேயே அவள் இருக்கிறாள் என்று இராமனிடம் சொல்லும்வரை அது கதையைத் தாங்கி நிற்கிறது. தூதன் சொல்லும் செய்தியில் அந்தக் குடிலே சாட்சி. எழுத்தச்சன் பின்பற்றிய அத்யாத்ம மரபிலும் இராவணன் நிலத்தைப் பிளந்தே எடுக்கிறான். ஆனால் அதன்மேல் இருப்பவள் மாயா சீதை. அசல் சீதையை இராமன் முன்கூட்டியே தீயில் மறைத்துவிட்டான். இறுதியில் தீக்குளிப்பு அவளை மீட்டெடுக்கும் வழியாகிறது. நிலத்தைப் பொறுத்தவரை கம்பனும் எழுத்தச்சனும் ஒரு பக்கம். நிலத்தின் மேல் யார் என்பதில் எதிரெதிர்.

படத்திலோ நிலம் பெயரவில்லை, மாயையும் இல்லை. துறவி வேடம் கலைகிறது. உயிரும் அச்சமுமாக நிற்கும் ஒரு பெண்ணை ஒருவன் தூக்கிப் போகிறான். அசோகவனத்தில் குடிலும் இல்லை. இது வான்மீகத்தின் பக்கம் சாய்வதைப் பார்த்து விசுவாசக் கட்சியினர் மகிழலாம். நான் கேட்பது வேறு. குடிசையைத் தரையோடு தூக்குவது நடிகர்களை வைத்துப் படமெடுப்பவருக்குத் தலைவலி. வரைபவருக்கு அது தாளும் வண்ணமுமே. அனிமேஷன் என்ற கலைக்கென்றே செய்ததுபோல் கம்பனில் ஒரு காட்சி கிடக்க, அந்தக் கலையே அதைத் தாண்டிப் போகிறது. கம்பன் படக்குழுவின் கண்ணில் பட்டானா என்பது இங்கே பொருட்டன்று. விளைவுதான் பொருட்டு: சாலை வீட்டில் இந்தக் காட்சி ஓடும்போது, திரையில் இருப்பதைவிடப் பெரிய காட்சியொன்று பார்ப்பவரின் நினைவில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது.

2025 ஜனவரி 24 அன்று தமிழ் உள்ளிட்ட மொழிகளில் படம் மீண்டும் திரைக்கு வந்தபின், ஆரியசாலைக் கோயில் பக்கத்துச் சந்தில் ஒரு மளிகை வியாபாரியின் வீட்டில் இதைக் காண வாய்த்தது. காட்சி வந்ததும் பாட்டி, "தொடவே இல்ல மக்கா, பூமியோட சேத்துல்லா தூக்கினான்" என்றார். பள்ளியில் மலையாளம் படித்த மருமகள் அடுக்களை வாசலிலிருந்தே, "அது அசல் சீதையே இல்ல அத்தை, மாயா சீதையாக்கும்" என்றார். பையன் படத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "அப்போ ஜடாயு எதுக்குச் செத்தது?" கேள்வி இரு பெண்களையும் மடக்கிவிட்டது. மாயையைக் காக்க ஒரு பறவை உண்மையாக உயிர்விட்டதா என்பது உரையாசிரியர்களும் விவாதிக்கத்தக்க கேள்வி. அதை எழுப்பியது கம்பன் மட்டுமன்று, எழுத்தச்சன் மட்டுமன்று. இருவரோடும் ஒத்துப்போகாத ஒரு படம் நடுவில் ஓடியதால் எழுந்தது. ஒரு வீட்டை வைத்து ஊரை அளக்க முடியாது என்பதை அறிவேன். ஆயினும் படத்துக்கும் வீட்டுக்கும் உள்ள உறவின் இயல்பு இதில் தெளிவாகவே தெரிகிறது.

இந்த உறவு புதிதும் அன்று. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் பகுதிகளின் பகவதி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்தில் கம்பனின் பாடல்கள் ஓதப்படுகின்றன. கூத்துமாடத்தின் நீண்ட திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் விளக்கு எரிய, பாவைகள் பெரும்பாலும் அசையாமல் நிற்கும். புலவர்கள் தமிழும் மலையாளமும் கலந்து, ஒருவரையொருவர் மறித்துக் கேட்டு, இரவெல்லாம் உரை விரிப்பர். படம் நிற்கும், பேச்சு நகரும். பாலக்காட்டுக் கூத்துக்கும் திருவனந்தபுரத்துக் கடைத்தெருவுக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்று கேட்கலாம். அப்படியொரு தொடர்பை நான் கோரவில்லை. உருவத்தோடு உரையும் சேர்ந்தாலே இராமாயணம் முழுமையாகும் என்ற பழக்கம் இந்நிலத்துக்குப் பொது என்பதே என் வாதம்.

எந்த இராமாயணப் படத்துக்கும் இது பொருந்துமே என்பது கனமான மறுப்பு. பொருந்தாது. 1987-88இல் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய ராமானந்த் சாகரின் தொடர் வாரக்கணக்கில் நீண்டு, பாத்திரங்களின் வாயாலேயே எல்லாவற்றையும் விளக்கியது. வீட்டாருக்குச் சொல்ல மிச்சம் வைக்கவில்லை. இப்படமோ ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரத்தில் விசுவாமித்திரர் வருகையிலிருந்து போர் முடிவுவரை ஓடிக் கடக்கிறது. உத்தர காண்டத்தைத் தொடுவதேயில்லை. ஆங்கில உரையாடல் கொண்ட வடிவத்தில் வனராஜ் பாட்டியா இசையமைத்த பாடல்கள் சமஸ்கிருதத்தில் ஒலிக்கின்றன. குழந்தைக்கு அவை புரியாது, பெரும்பாலான பெற்றோருக்கும் புரியாது. இத்தனை இடைவெளிகளை இப்படம்தான் விட்டுவைத்தது. இந்தி வடிவத்தில் சத்ருகன் சின்ஹாவின் குரல் கதைசொல்லியாக வருகிறதே எனலாம். அந்தக் குரல் நிகழ்ச்சிகளைக் கோக்கிறது, பொருள் சொல்வதில்லை. அமெரிக்காவுக்காகச் சுருக்கி, ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் குரலில் விளக்கம் சேர்த்த 'தி பிரின்ஸ் ஆஃப் லைட்' வடிவத்தை எண்ணிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். இங்கே மீண்டும் திரைக்கு வந்தது அதுவன்று. அரசியல் சூழலே படத்தை மீட்டெடுத்தது என்ற வாதம் அது மறுபடி வெளியானதற்கு விளக்கம் தரலாம். வீட்டில் மறுபடி மறுபடி போடப்படுவதற்குத் தராது.

ஜப்பானிய ஓவிய நேர்த்தியே காரணம் என்போரும் உண்டு. நேர்த்தியை மறுக்கவில்லை. நேர்த்தி மட்டும் இருந்தால் ஒரு முறை பார்ப்பார்கள். சண்டைக்கு இடம் இருந்தால்தான் பத்து முறை பார்ப்பார்கள்.

எனவே, குடும்பங்களுக்கான செவ்வியல் தழுவல்களை மதிப்பிடும்போது மூலத்தோடு அவை எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற அளவுகோலைத் தளர்த்த வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன். தழுவல் எந்த மூலத்தை விட்டு விலகுகிறது, அந்த விலகலைத் திருத்தும் உரிமை வீட்டில் யார் கையில் இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கம்பனை அறியாத வீட்டில் இப்படம் ஒரு நல்ல படம் மட்டுமே. கம்பனும் எழுத்தச்சனும் கூடியிருக்கும் வீட்டில் அது ஒரு பட்டிமன்றத்தின் முதல் வாக்கியம். கம்பன் கேட்டறிந்த தலைமுறை சாலையில் குறைந்துகொண்டு வருகிறது. அவர்கள் எந்தக் காட்சியில் படத்தை நிறுத்தச் சொல்கிறார்கள் என்பதைப் பதிவுசெய்யும் வேலை இப்போதே தொடங்க வேண்டும். பத்தாண்டு கழித்துப் படம் இருக்கும். மறுத்துப் பேச ஆளில்லாவிட்டால், இக்கட்டுரை சொல்லும் காரணத்தின்படி, அதன் ஈர்ப்பும் அங்கே தணிந்திருக்க வேண்டும். என் கருதுகோளைச் சோதிக்க அதைவிட நேரான வழி இல்லை.