வாவி கடந்த செய்தி

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலையில் 1991 ஜூன் 12 இல் பொதுமக்கள் படுகொலை செய்யப்பட்டதை, இளம் செய்தியாளனாக நான் அறிந்தது துறை கடந்து வந்தோரின் வாய்மொழியால். மண்முனைப் பாலம் 2014 இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை அத்துறையில் படகுப்பாதையே.

அண்மையில் அவ்வூர் நண்பர் வீட்டு யன்னலோரம் சிறு பெட்டியொன்றைக் கண்டேன். மோடம், ரூட்டர், சுவிட்ச், வைஃபை நான்கும் அதனுள். "சிம்மைச் செருகி மின்சாரம் கொடுத்தால் போதும்" என்றார் நண்பர். "ஒன்று பழுதானால் நான்கும் நின்றுவிடும்" என்றார் மகன். இரண்டும் உண்மையே. படகு நின்றால் செய்தியும் நின்ற காலத்தை அறிந்த நான், நண்பர் பக்கமே சாய்கிறேன். ஆயினும் ஒன்று சொன்னேன்: பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள். அரிதாய்க் கிடைத்த வழி, பூட்டின்றிக் கிடக்கலாகாது.