தென்சென்னைப் புறநகரில் அடுப்பங்கரை அலங்காரம்

அடுப்பங்கரை என்பது அடுப்பையும், அதைச் சுற்றியுள்ள தரை, சுவர், மாடம் ஆகியவற்றையும் சேர்த்துக் குறிக்கும் சொல். அடுப்படி, அடுக்களை என்றும் வழங்குவர். சமைத்தல் என்னும் பொருள் கொண்ட ‘அடு’ என்ற வினையிலிருந்து அடுப்பு என்ற சொல்லும், சமையலறையைக் குறிக்கும் அட்டில் என்ற பழஞ்சொல்லும் பிறந்தன. தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் முதலிய ஊர்களில் அடுப்பங்கரையை அழகுபடுத்தும் முறை கடந்த நூறாண்டுகளில் பெரிதும் மாறியுள்ளது. சாணமும் அரிசிமாவும் இருந்த இடத்தில் இன்று கிரானைட் கல்லும் வண்ண ஓடும் இருக்கின்றன. அடுப்பிலிருந்து எழும் புகை எந்த வழியே வெளியேறியது என்பதே இந்த மாற்றத்துக்கு முதன்மைக் காரணம்.

கணப்பும் அடுப்பும்

குளிர்நாட்டு வீடுகளில் உடலைச் சூடாக்கிக்கொள்ள மூட்டப்படும் தீக்குக் கணப்பு என்று பெயர். பழங்கால ஐரோப்பிய வீடுகளில் கூடத்தின் நடுவே தீ எரிந்தது. புகை கூரை வழியே வெளியேறியது. புகைபோக்கி வந்த பிறகு கணப்பு சுவரோரத்துக்கு நகர்ந்தது. இங்கிலாந்தில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் சாதாரண மக்களின் வீடுகளிலும் புகைபோக்கி பரவியது. புகை குழாய் வழியே போய்விட்டதால் கணப்பின் மேற்சுவர் கரி படியாமல் இருந்தது. அங்கே ஒரு தட்டு அமைத்துக் கடிகாரம், படம், பூச்சாடி முதலியவற்றை வைக்கும் வழக்கம் தோன்றியது. வீட்டினர் கூடும் இடமும் அதுவே. ‘ஃபோகஸ்’ என்ற ஆங்கிலச் சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் அதற்கு அடுப்பு, கணப்பு என்பதே பொருள்.

தமிழ்நாட்டில் கணப்பு மலைப்பகுதிகளுக்கு உரியது. ஜான் சல்லிவன் 1820களில் உதகமண்டலத்தில் கல் பங்களா கட்டிய பின்னர் அங்கு எழுந்த ஆங்கிலேயர் வீடுகளில் கணப்பு இடம்பெற்றது. மார்கழிக் குளிருக்கு ஒரு போர்வை போதும் என்ற நிலையில் உள்ள தாம்பரம் வட்டாரத்துக்குக் கணப்பு தேவைப்படவில்லை. சமவெளியில் இருந்த ஆங்கிலேயர் பங்களாக்களில் வெப்பத்துக்கும் புகைக்கும் அஞ்சிச் சமையலறையைத் தனிக் கட்டடமாகவே கட்டினர். எனவே இப்பகுதியில் வீட்டுத் தீ என்றால் அது சமையல் அடுப்பு ஒன்றுதான். அந்த அடுப்புக்குப் புகைபோக்கி இல்லை.

பழைய சான்று

அடுப்பின் தோற்றத்தைக் கொண்டு குடும்பத்தின் நிலையை அறிவது பழைய வழக்கம். புறநானூற்றின் 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் தம் வறுமையைக் குமணனிடம் எடுத்துரைக்கிறார். சமைப்பதையே மறந்துபோன, பக்கங்கள் உயர்ந்த தம் வீட்டு அடுப்பில் காளான் பூத்திருப்பதாக அவர் கூறுகிறார். வறுமையைச் சுட்ட ‘அடுப்பில் பூனை உறங்குகிறது’ என்று இன்றும் சொல்வதுண்டு. மெழுகிக் கோலமிட்ட அடுப்பு இதற்கு நேர்மாறானது. இன்றும் இங்கே உலை ஏறும் என்பதை அது அறிவித்தது.

தரையடுப்பும் மெழுக்கும்

புறநகர் ஊர்கள் சிற்றூர்களாக இருந்த காலத்தில் அடுப்பு களிமண்ணால் ஆனது. ஏரிகள் நிறைந்த பகுதி இது. சேலையூர், சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை ஆகிய ஊர்களின் ஏரிகள் இன்றும் அந்தந்த ஊர்ப் பெயராலேயே அறியப்படுகின்றன. களிமண்ணுடன் வைக்கோல் துணுக்கோ உமியோ சேர்த்துப் பிசைந்து தரையிலேயே அடுப்பைப் போட்டனர். பாத்திரம் அமர்வதற்கு வாயின் மேல் மூன்று குமிழ்கள் இருக்கும். பெரிய அடுப்பின் சூடு பக்கவாட்டில் சென்று இன்னொரு பாத்திரத்தையும் சூடாக்குமாறு அமைத்தால் அந்தத் துணை அடுப்புக்குக் கொடியடுப்பு என்று பெயர்.

சூட்டினால் மண் அடுப்பில் வெடிப்பு விழும். அதை அடைக்காவிட்டால் சில மாதங்களில் அடுப்பு உடைந்துவிடும். சாம்பலை அள்ளிய பின், சாணமும் செம்மண்ணும் கரைத்து அடுப்பையும் தரையையும் மெழுகுவது இதற்காகவே. மெழுக்கு வெடிப்பை மூடியது. மண் தரையில் புழுதி எழாமல் தடுத்தது. கரியையும் சிந்திய சோற்றையும் அகற்றியது. அள்ளிய சாம்பல் பாத்திரம் துலக்கப் பயன்பட்டது. ஆகவே அடுப்பங்கரை அலங்காரத்தின் முதற்படி பராமரிப்பு வேலைதான்.

கோலமும் காவியும்

மெழுகிய அடுப்பின் முகப்பிலும் விளிம்பிலும் குமிழ்களைச் சுற்றியும் அரிசிமாவால் சிறு கோலம் இடுவது வழக்கம். அடுப்பின் முன்தரையில் இழைக்கோலம் இட்டு, ஓரங்களில் செங்காவிப் பட்டை தீட்டுவதும் உண்டு. வெள்ளிக்கிழமைகளிலும் பண்டிகை நாட்களிலும் கோலம் பெரிதாகும். கார்த்திகைத் தீபத்தன்று அடுப்பங்கரையிலும் ஓர் அகல் விளக்கு வைக்கப்படும். திருமண வீடுகளில் விருந்துச் சமையலுக்கான கோட்டை அடுப்பைப் பற்றவைக்கும் முன் மஞ்சள் குங்குமம் இட்டுக் கற்பூரம் ஏற்றுவர்.

இந்த அலங்காரம் முழுவதும் தாழ்வான இடத்திலேயே அமைந்தது. புகைபோக்கி இல்லாததால் புகை ஓட்டின் இடுக்கு வழியாகவும் கதவு வழியாகவும் மெல்லக் கசிந்தது. மேற்சுவரும் கூரையும் கரிபிடித்துக் கறுத்தன. அங்கே படம் மாட்டினால் சில வாரங்களில் முகம் தெரியாது. எனவே குடும்பப் படங்களும் சாமி படங்களும் கூடத்துக்குப் போயின. அடுக்களைச் சுவரில் விளக்குக்கும் தீப்பெட்டிக்கும் ஒரு மாடக்குழி இருந்தால் போதும் என விட்டனர். கண்ணில் படும்படி வைக்கத்தக்கவை பாத்திரங்கள் மட்டுமே. புளி போட்டுத் துலக்கிய பித்தளைக் குடங்களும், பின்னாளில் பெயர் பொறித்த எவர்சில்வர் அடுக்குகளும் அடுப்புக்கு எதிர்ப்பக்க அலமாரியில் வரிசையாக நின்றன.

தரையில் இட்ட கோலம் அன்றைய சமையலிலேயே கலைந்துவிடும். மறுநாள் மீண்டும் போட வேண்டும். ஐரோப்பியக் கணப்புத் தட்டில் வைத்த பொருள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். இங்கே நாள்தோறும் கை படவேண்டியிருந்தது.

அழகின் மறுபக்கம்

நாள்தோறும் படவேண்டிய அந்தக் கை, பெண்ணின் கையாகவே இருந்தது. விடியும் முன் எழுந்து சாம்பல் அள்ளி, சாணம் கரைத்து, மெழுகிக் கோலமிட்ட பிறகே சமையல் தொடங்கும். அடுப்பங்கரை மின்னுவதை வைத்து மருமகளை எடைபோட்ட வீடுகள் பல. மாதவிலக்கு நாட்களில் அதே பெண்ணுக்கு அடுக்களைக்குள் நுழைவு இல்லை. சாதி பார்த்த வீடுகளில் அடுப்பங்கரையின் எல்லை, வெளியார் தாண்டக்கூடாத கோடாகவும் இருந்தது.

புகையின் தீங்கு இன்னும் கடுமையானது. ஈர விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் முன் குனிந்து ஊதுகுழலால் ஊதியவர்களின் கண்ணையும் நுரையீரலையும் அந்தப் புகை தாக்கியது. வீட்டுச் சமையல் புகையால் உலகெங்கும் 2020இல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்பின் முன் இருந்த கோலம் அழகானதுதான். ஆனால் அதன் மேல் நின்ற காற்று நஞ்சாக இருந்தது.

புகையில்லா அடுப்பு முயற்சிகள்

இதற்கு மாற்றுக் காணும் முயற்சி விடுதலைக் காலத்திலேயே தொடங்கியது. தஞ்சாவூரில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா நடத்திய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கம், வார்தாவின் மகன்வாடியில் இயங்கியது. புகைக்குழாய் பொருத்திய ‘மகன் சூலா’ என்னும் அடுப்பு 1940களில் அங்கு உருவானது. ஐதராபாத் பொறியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு புகையில்லா அடுப்பு ஒன்றை வடிவமைத்தார். அதைப் பற்றி அவர் எழுதிய நூலைச் சென்னையில் கிறித்தவ இலக்கியச் சங்கம் 1953இல் வெளியிட்டது. மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தை 1983இல் மத்திய அரசு தொடங்கி 2002 வரை நடத்தியது. குழாயில் கரி அடைத்தாலோ அடுப்பு உடைந்தாலோ சரிசெய்ய ஆளில்லாமல் பல அடுப்புகள் கைவிடப்பட்டன. நாள்தோறும் மெழுகிப் பழுதுபார்த்த பழைய முறையின் அருமை இங்கே விளங்கும்.

தரையிலிருந்து மேடைக்கு

கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. அதன் பின்னர் ரயில் பாதையை ஒட்டிய ஊர்களில் மனைகள் பிரிக்கப்பட்டுப் புதிய குடியிருப்புகள் படிப்படியாக எழுந்தன. இவ்வீடுகளில் அடுப்பு இடுப்பளவு மேடைக்கு ஏறியது. செங்கல்லும் சிமென்டும் கொண்டு மேடை கட்டி, மேலே புகைக்கூண்டு வைத்தனர். மேடைக்கும் அலமாரித் தட்டுக்கும் கடப்பைக் கல் பயன்பட்டது. தரைக்குச் சிவப்பு ரெட் ஆக்சைடு பூசினர். முன்பு செம்மண்ணும் காவியும் தந்த சிவப்பு நிறத்தை இப்போது சிமென்ட் தந்தது. மறுபடி மெழுக வேண்டிய தேவையும் நீங்கியது.

விறகுத் தொட்டியில் வாங்கிய சவுக்கு விறகு, குமுட்டி அடுப்புக்குக் கரி, மரத்தூள் அடுப்பு, மண்ணெண்ணெய்த் திரி ஸ்டவ், பம்பு ஸ்டவ் எனப் பல வகை எரிபொருள்கள் ஒரே வீட்டில் சேர்ந்து இருந்த காலம் அது. இடம் மாற்றி வைக்கத்தக்க ஸ்டவ்வுக்கு நிலையான கோலம் பொருந்தவில்லை. ஒரு பொட்டு மட்டும் இடப்பட்டது.

எரிவாயு வந்த பின்

பர்மா ஷெல் நிறுவனம் 1955இல் மும்பையில் சமையல் எரிவாயு விற்பனையைத் தொடங்கியது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இண்டேன் இணைப்பு 1965இல் கொல்கத்தாவில் தொடங்கியது. தொடக்கத்தில் வசதி படைத்தோருக்கே கிடைத்த எரிவாயு, மெல்ல நடுத்தர வீடுகளுக்கும் வந்தது. 2006 சட்டமன்றத் தேர்தலுக்குப் பின் தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு இணைப்பும் அடுப்பும் வழங்கியது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று தொடங்கப்பட்டது.

புகை நின்றதும் அலங்காரம் சுவரேறியது. அடுப்புக்குப் பின்சுவரில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வழவழப்பான ஓடு பதித்தனர். அதில் பழக்கூடை, காபிக் கோப்பை, பூங்கொத்து முதலிய படங்கள் வந்தன. கூடத்தில் இருந்த சாமி நாட்காட்டி சமையலறைச் சுவருக்கு வந்தது. கருங்கிரானைட் மேடையின் விளிம்பில் பெயின்ட் கோலமும் பிறகு ஸ்டிக்கர் கோலமும் இடம்பிடித்தன. ஒருமுறை ஒட்டினால் ஆண்டுக்கணக்கில் நிற்கும் இந்தக் கோலம், தன்மையில் ஐரோப்பியக் கணப்புத் தட்டை நெருங்குகிறது. மேடவாக்கம், பெரும்பாக்கம் பகுதிகளின் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே சுவரே இல்லை. விருந்தினர் கண்ணில் முதலில் படும் இடங்களில் ஒன்றாக அடுப்பங்கரை ஆகிவிட்டது. அதற்குக் காரணம் மின்சாரப் புகைபோக்கி.

தொடரும் வழக்கங்கள்

புதுமனை புகுவிழாவில் பால் காய்ச்சுவது இன்றும் விடாத சடங்கு. எட்டாவது மாடி வீடாக இருந்தாலும் அடுப்பைத் துடைத்து, மாக்கோலமிட்டு, மஞ்சள் குங்குமம் வைத்த பிறகே பால் பொங்கவிடுவர். ஆயுத பூசையன்று எரிவாயு அடுப்புக்கும் மிக்ஸிக்கும் சந்தனப் பொட்டு வைக்கப்படும்.

தைப்பொங்கலன்று அடுப்பு வீட்டைவிட்டு வெளியே வருகிறது. வாசலில் பெரிய கோலத்தின் நடுவே மூன்று செங்கற்களையோ புதிய மண் அடுப்பையோ வைத்து, காவி தீட்டி, கரும்பு நிறுத்தி, மஞ்சள் கொத்து கட்டிய பானையை ஏற்றுவர். பண்டிகைக்கு முந்தைய நாட்களில் தாம்பரம் சண்முகம் சாலைக் கடைகளிலும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் இதற்கான பொருட்களை வாங்கக் கூட்டம் கூடும். வாசல் இல்லாத அடுக்குமாடிகளில் வாகன நிறுத்துமிடத்தில் எல்லாரும் சேர்ந்து பொங்கலிடுகின்றனர். திறந்த வெளியில் எரியும் இந்த அடுப்பின் புகை யாருடைய கண்ணையும் நாள்தோறும் எரிப்பதில்லை. முன்பு சில பெண்களின் கடமையாக இருந்த அடுப்புக் கோலத்தை, இங்கே ஆண்களும் பிள்ளைகளும் சேர்ந்து விருப்பத்துடன் போடுகிறார்கள்.

பழைய வீட்டமைப்பைக் காண விரும்பும் மாணவர்கள், முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கிவரும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். தென்மாநிலங்களின் பழைய வீடுகள் அங்கே பெயர்த்து எடுத்துவந்து மீண்டும் கட்டப்பட்டுள்ளன. அவ்வீடுகளில் நின்று கூரையையும் தரையையும் மாறிமாறிப் பார்த்தால், அன்றைய அடுக்களையில் கரி எங்கே படிந்தது, கோலம் எங்கே இடம்பெற்றது என்பது எளிதில் விளங்கும்.