மார்பகப் புற்றுநோயும் மரபணு வெளிப்பாட்டுச் சோதனைகளும்: ஒரு வரலாறு

மார்பகப் புற்றுநோய்க் கட்டியில் எந்தெந்த மரபணுக்கள் எந்த அளவுக்குச் செயல்படுகின்றன என்று அளந்து, நோய் மீண்டும் வருமா என்பதை முன்கூட்டியே மதிப்பிடும் சோதனைகள் மரபணு வெளிப்பாட்டுச் சோதனைகள் எனப்படுகின்றன. அறுவை சிகிச்சைக்குப் பின் ஒரு பெண்ணுக்குக் கீமோதெரபி தேவையா, இல்லையா என்ற கேள்விக்கு விடை தேடியதே இவற்றின் வரலாறு.

மரபணு வெளிப்பாடு என்றால் என்ன?

ஒரு வீட்டின் எல்லா அறைகளிலும் விளக்கு உண்டு. ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதில்லை. அதுபோல உடலின் பெரும்பாலான செல்களில் ஒரே மரபணுத் தொகுதி இருந்தாலும், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு மரபணுக்களே இயங்குகின்றன. இயங்கும் மரபணு ஆர்.என்.ஏ. படிகளை உருவாக்கும். அந்தப் படிகளின் அளவே 'வெளிப்பாடு'. செல் பெருக்கத்தைத் தூண்டும் மரபணுக்கள் ஒரு கட்டியில் மிகுதியாக வெளிப்பட்டால், அக்கட்டி வேகமாக வளரக்கூடியது எனலாம்.

தொடக்கக் காலம்

1896-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், சினைப்பைகளை அகற்றினால் சில பெண்களுக்கு மார்பகக் கட்டி சுருங்குவதை வெளியிட்டார். இதன் காரணம் 1950-களின் இறுதியில்தான் தெளிவாகத் தொடங்கியது. அமெரிக்காவின் எல்வுட் ஜென்சன் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் கண்டறிந்தார். 1980-களில் ஹெர்2 மரபணுவின் பங்கு தெரியவந்தது. மார்பகப் புற்றுநோய் ஒரே நோயன்று, பல நோய்களின் தொகுப்பு என்ற எண்ணம் இவ்வாறு வலுப்பெற்றது.

தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்ததே இம்முயற்சிக்குத் தூண்டுகோல். பின்னர் டாக்டர் வி. சாந்தா பல பத்தாண்டுகள் அதை வழிநடத்தினார். 1981-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் தேசியத் திட்டத்தின்கீழ்ச் சென்னையில் புற்றுநோய்ப் பதிவேடு உருவானது. பெண்களிடையே முதலிடத்தில் இருந்த கருப்பைவாய்ப் புற்றுநோயை மார்பகப் புற்றுநோய் பின்னாளில் முந்தியதை இத்தகைய பதிவுகளே காட்டின.

70 மரபணுவும் 21 மரபணுவும்

2002-இல் ஆம்ஸ்டர்டாமில் லாரா வான்ட் வீர் குழுவினர், ஏறத்தாழ 25,000 மரபணுக்களை ஆராய்ந்து, நோயின் போக்கைக் காட்டும் 70 மரபணுக்களைத் தேர்ந்தெடுத்தனர். இதுவே 'மாமாபிரிண்ட்' சோதனையாகி, 2007-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது.

2004-இல் வெளிவந்த 'ஆன்கோடைப்' சோதனை 21 மரபணுக்களை அளந்து 0 முதல் 100 வரை மதிப்பெண் தந்தது. மருத்துவமனைகளில் மெழுகில் பதித்து வைத்த பழைய திசுவே இதற்குப் போதுமானதாக இருந்தது. அதனால் இது விரைவில் பரவியது.

2018-இல் வெளியான டெய்லர்-எக்ஸ் ஆய்வில் 10,273 பெண்கள் சேர்க்கப்பட்டிருந்தனர். நடுத்தர மதிப்பெண் பெற்ற பெரும்பாலோருக்கு ஹார்மோன் சிகிச்சை மட்டுமே போதும் என்பது தெரிந்தது. முடி கொட்டுதல், வாந்தி, வேலை இழப்பு, கடன் என்ற துன்பங்களிலிருந்து எத்தனையோ பெண்களை இம்முடிவு காத்தது. ஆனால் 50 வயதும் அதற்குக் குறைவுமான பெண்களில் ஒரு பகுதியினருக்குக் கீமோதெரபியால் சிறிது பயன் இருந்தது. மேலை நாட்டினரைவிட இளவயதிலேயே இந்நோய் காணப்படும் நம் நாட்டில் இதை மறக்கலாகாது.

இந்திய முயற்சி

ஆன்கோடைப் போன்ற வெளிநாட்டுச் சோதனைக்குத் திசுவை அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும். செலவும் லட்சக்கணக்கில் ஆகும். இந்நிலையில் மஞ்சிரி பாக்ரே 2011-இல் பெங்களூருவில் தொடங்கிய ஆன்கோஸ்டெம் நிறுவனம், 'கேன்அசிஸ்ட் பிரெஸ்ட்' சோதனையை உருவாக்கியது. இது ஆர்.என்.ஏ.வை அளப்பதில்லை. மரபணுக்களின் விளைபொருளான 5 புரதங்களைச் சாயமேற்றிப் பார்த்து, கட்டியின் அளவு, தரம், நிணநீர்க் கணுக்களின் நிலை ஆகியவற்றோடு சேர்த்துக் கணிக்கிறது.

எல்லைகள்

இச்சோதனைகள் பெரும்பாலும் தொடக்க நிலையில் உள்ள, ஹார்மோன் ஏற்பி கொண்ட கட்டிகளுக்கே உரியவை. மூன்று ஏற்பிகளும் இல்லாத வகைக்கு இவை உதவுவதில்லை. அவ்வகை இந்தியாவில் மேலை நாடுகளைவிட அதிகம்.

இதைவிடப் பெரிய தடை காலதாமதம். டி. கல்லுப்பட்டி, பேரையூர் பக்கத்துச் சிற்றூர்ப் பெண் ஒருவர், வலியில்லாத கட்டிதானே என்று மாதக்கணக்கில் மறைத்து வைத்துவிட்டு, முற்றிய பின் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குச் சென்றால், கீமோதெரபி வேண்டுமா என்ற கேள்விக்கே இடமிருக்காது. கட்டி தென்பட்டவுடன் கூச்சமின்றி மருத்துவரிடம் காட்டும் பெண்ணுக்கே இந்த நூற்றாண்டு கால ஆராய்ச்சியின் பயன் கிட்டும்.