மின்னழுத்தச் சீராக்கிக் கட்டுப்படுத்திகளில் காப்பும் கண்காணிப்பும்

மின்னழுத்தச் சீராக்கிக் கட்டுப்படுத்தி என்பது, மின்வழங்கி ஒன்றின் வெளியீட்டு மின்னழுத்தத்தைக் குறித்த அளவில் நிலைநிறுத்தும் தொகுசுற்று ஆகும். சீராக்கலுடன், மின்வழங்கியையும் அதனால் இயங்கும் சுமையையும் பழுதுகளிலிருந்து காக்கும் பணியையும் இதுவே செய்கின்றது. கணினித் தாய்ப்பலகையில் 12 வோல்ட்டை ஏறத்தாழ 1 வோல்ட்டாகக் குறைத்துச் செயலிக்கு வழங்கும் பக் வகைச் சீராக்கி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

நேசனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் பாப் வைட்லர் வடிவமைத்த எல்எம்109 என்னும் 5 வோல்ட் சீராக்கி, மின்னோட்ட வரம்பையும் வெப்பக் காப்பையும் ஒரே சில்லினுள் கொண்டிருந்தது. 1995 இல் வெளிவந்த பென்டியம் புரோ செயலி, தனக்குத் தேவையான மின்னழுத்தத்தைக் குறியீட்டு முனைகள் வழியாகச் சீராக்கிக்குத் தானே அறிவித்தது. பின்னாளில் செயலிகளின் மின்னழுத்தம் குறைந்து, மின்னோட்டம் 100 ஆம்பியரையும் கடந்ததால் காப்பு வசதிகள் இன்றியமையாதவை ஆயின.

அமைப்பு

பக் சீராக்கியில் மேல், கீழ் என இரு மாஸ்ஃபெட் ஆளிகள் மாறிமாறி இயங்குகின்றன. மேல் ஆளி மின்தூண்டியை உள்ளீட்டுடனும், கீழ் ஆளி அதனைத் தரையுடனும் இணைக்கின்றன. 12 வோல்ட்டிலிருந்து 1 வோல்ட் பெற, மேல் ஆளி ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறத்தாழ 8 விழுக்காட்டு நேரமே இயங்கும். அந்த ஆளி குறுக்கிணைப்பாகப் பழுதடைந்தால், 12 வோல்ட் முழுவதும் செயலியை நோக்கிப் பாயும்.

காப்பு வசதிகள்

குறை மின்னழுத்தப் பூட்டு: உள்ளீட்டு மின்னழுத்தம் போதிய அளவை எட்டும் வரை ஆளிகள் இயக்கப்படுவதில்லை. வாயில் முனைக்குப் போதிய மின்னழுத்தம் கிடைக்காவிடில் மாஸ்ஃபெட் அரைகுறையாகத் திறந்து சூடேறும். இயங்கத் தொடங்கும் அளவும் நிற்கும் அளவும் சற்று வேறுபட்டிருக்கும். இதனால் எல்லையில் அலைபாயும் உள்ளீடு சீராக்கியை மீண்டும் மீண்டும் இயக்கி நிறுத்துவது தவிர்க்கப்படுகின்றது.

மென்தொடக்கம்: வெளியீட்டு மின்னழுத்தம் படிப்படியாக உயர்த்தப்படுகின்றது. இல்லையேல் வெறுமையான மின்தேக்கிகள் தொடக்கத்தில் பெரும் மின்னோட்டத்தை இழுக்கும்.

மிகை மின்னோட்டக் காப்பு: மின்தூண்டியின் செப்புக் கம்பிச் சுருளின் தடையில் ஏற்படும் மின்னழுத்த வீழ்ச்சியைக் கொண்டு மின்னோட்டத்தை அளப்பது பரவலான முறையாகும். 0.5 மில்லிஓம் தடையில் 40 ஆம்பியர் பாய்ந்தால் 20 மில்லிவோல்ட் கிடைக்கும். ஆயினும் செப்பின் தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு உயர்வதால், 25 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடாகும்போது அளவீடு ஏறத்தாழ 29 விழுக்காடு மிகையாகும். வெப்பத்தடையி ஒன்றினால் இதனை ஈடுசெய்யாவிடில் சீராக்கி தேவையின்றி நின்றுவிடும். வரம்பு மீறப்படும்போது சில கட்டுப்படுத்திகள் முற்றிலும் நின்றுவிடுகின்றன. வேறு சில, சிறிது நேரம் கழித்து மீண்டும் தொடங்கிப் பார்க்கின்றன. இரண்டாவது முறையில் பழுது நீங்கியவுடன் கருவி தானே இயங்கும்.

மிகை மின்னழுத்தக் காப்பு: வெளியீடு வரம்பை மீறினால் மேல் ஆளி மூடப்பட்டு, கீழ் ஆளி திறக்கப்படுகின்றது. மின்தேக்கிகளில் உள்ள மின்னூட்டம் இதனால் தரைக்கு வடிகின்றது. இவ்வடிவில் வெளியீடு எதிர்மறை மின்னழுத்தத்துக்கு இறங்கக் கூடுமாதலால், குறித்த அளவுக்குக் குறைந்ததும் கீழ் ஆளியை மூடும் கட்டுப்படுத்திகளும் உள்ளன.

வெப்பக் காப்பு: பல சில்லுகளில் உள் வெப்பநிலை 150 பாகை செல்சியஸ் அளவை அண்மிக்கும்போது இயக்கம் நிறுத்தப்படும். ஆனால் மாஸ்ஃபெட்டுகள் சில்லுக்கு வெளியே இருப்பின், அவற்றின் சூட்டைச் சில்லின் வெப்பநிலை காட்டாது. ஆகவே அவற்றின் அருகில் தனி உணரி வைக்கப்பட்டு, மிகைச் சூடு செயலிக்கு அறிவிக்கப்படுகின்றது. செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதால், கணினி அணைந்துவிடாமல் தொடர்ந்து இயங்க முடிகின்றது.

கண்காணிப்பு

எளிய கண்காணிப்பு வசதி 'பவர் குட்' முனையாகும். வெளியீடு உரிய எல்லைக்குள் இருக்கும்போது மட்டும் இது சரி எனக் காட்டும். ஒரு சீராக்கியின் இம்முனையை அடுத்த சீராக்கியின் இயக்க முனையுடன் இணைத்து, பல மின்னழுத்தங்களை வரிசை முறையில் தொடங்கலாம்.

2005 இல் முதற் பதிப்பு வெளியான பிஎம்பஸ் நெறிமுறை விரிவான கண்காணிப்புக்கு வழிவகுத்தது. இதன் மூலம் மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை ஆகியவற்றை எண்களாகப் படிக்கலாம்; பழுது வரம்புகளையும், பழுது நேரும்போது செய்ய வேண்டியதையும் மாற்றியமைக்கலாம். எந்தப் பழுதினால் சீராக்கி நின்றது என்பதை நிலைப் பதிவகங்கள் காட்டுகின்றன.

வரம்புகள்

மேல் ஆளி குறுக்கிணைப்பாகப் பழுதடைந்த நிலையில் கட்டுப்படுத்தியால் அதனை மூட இயலாது. கீழ் ஆளியைத் திறந்தால் உள்ளீடு நேரடியாகத் தரையுடன் இணைகின்றது. அப்போது உருகி எரியவோ முதன்மை மின்வழங்கி நின்றுவிடவோ வேண்டும்; இல்லையேல் கீழ் ஆளியும் எரிந்து, காப்பு பயனற்றுப் போகும். எனவே சில்லில் உள்ள காப்பு, உள்ளீட்டுப் பக்கத்தில் உள்ள காப்புடன் சேர்ந்தே முழுமை பெறுகின்றது. வரம்புகளைத் தெரிவு செய்வதிலும் கவனம் தேவை: மிக நெருக்கமான வரம்பு இயல்பான சுமை மாற்றத்தையே பழுதெனக் கொள்ளும், மிகத் தளர்வான வரம்பு, செயலி சேதமடைந்த பின்னரே வேலை செய்யும்.