பாரி மகளிரும் ஒரு சிவப்பு நட்சத்திரமும்

புறநானூற்றின் 112ஆம் பாடலைப் பாடியவர் ‘பாரி மகளிர்’ என்கிறது ஏட்டுக்குறிப்பு. அவர்களின் சொந்தப் பெயர் அதில் இல்லை. 246ஆம் பாடலுக்குப் ‘பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு’ என்றிருக்கிறது. கணவன் பெயர் இருக்கிறது, அரசி என்ற தகுதி இருக்கிறது, இயற்பெயர் இல்லை. வெண்ணிக் குயத்தியாருக்கு ஊரும் குலத்தொழிலும் மிஞ்சின. ஒரு பெண்ணைப் பற்றி எதைக் குறித்துவைப்பது என்பதைக் குறித்தவர்களே முடிவு செய்தார்கள். நமக்குக் கிடைத்த வரலாறு அந்த முடிவுதான்.

இன்றைய ஏடு இணையப் படிவம். ஓடைப்பட்டியின் விதையில்லாத் திராட்சைத் தோட்டங்களில் கூலிக்குப் போகும் பெண்களின் மகள்கள் என் வகுப்பில் தமிழ் படிக்கிறார்கள். கல்லூரிச் சேர்க்கையிலிருந்து தேர்வுக் கட்டணம்வரை எல்லாம் செல்பேசியில் நிரப்புகிற படிவங்கள். ஒன்றில் ‘தந்தை / கணவர் பெயர்’ என்ற கட்டம், பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். அப்பா விட்டுப்போய்ப் பல வருடமான ஒரு மாணவி அந்தக் கட்டத்தில் வெறும் புள்ளியைத் தட்டிவிட்டு மேலே போனாள். அந்த நட்சத்திரத்தை வைத்தது யார் என்று தெரிந்துகொள்ளத்தான் நாற்பது வயதுக்குமேல் வலைச் செயலி உருவாக்கத்தின் அடிப்படைகளைப் படிக்க உட்கார்ந்தேன்.

டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் வலையை முன்மொழிந்தபோது அது ஆவணங்களைப் படிப்பதற்கான ஏற்பாடு. 1995இல் வெளியான எச்டிஎம்எல் 2.0 தரத்தில் படிவம் இடம்பெற்றிருந்தது. படிக்கிறவர் பதிலும் எழுதலாம், ஆனால் கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டும். 2014இல் இறுதியான எச்டிஎம்எல் 5 தரத்தில் ‘ரெக்வயர்டு’ என்ற ஒற்றைச் சொல் உண்டு. அதை ஒரு கட்டத்தோடு சேர்த்தால், அது காலியாக இருக்கும்வரை பிரவுசர் படிவத்தை அனுப்பாது.

அந்தச் சொல்லை நீக்கினால் போதுமா? போதாது. படிவம் போய்ச் சேரும் சர்வரில் இன்னொரு நிரல் அதே விவரத்தை மறுபடி சோதிக்கும். அதையும் தாண்டினால் டேட்டாபேஸ். அங்கே அட்டவணையை வரையும்போதே ஒரு பத்திக்கு ‘நாட் நல்’ என்று எழுதியிருந்தால், மதிப்பில்லாத வரிசையை அது ஏற்காது. வாசல், கூடம், பெட்டகம் என மூன்று இடத்தில் ஒரே பூட்டு. மாணவி தட்டிய புள்ளி மூன்றையும் கடந்துவிட்டது. காலியாக இருக்கிறதா என்று மட்டுமே அவை பார்த்தன. பெட்டகத்தில் இப்போது அவளுக்கு ஒரு புள்ளி தகப்பனாக இருக்கிறது.

சட்டம் இந்தப் பூட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டிருக்கிறது. மணமாகாத தாய், தந்தையின் பெயரைச் சொல்லாமலே குழந்தைக்குப் பாதுகாவலராகலாம் என்று 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016 டிசம்பரில் கடவுச்சீட்டு விண்ணப்பத்துக்குப் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்றானது. தாய் தனித்து வளர்த்த பிள்ளைகள் பான் அட்டைக்குத் தந்தை பெயர் தரத் தேவையில்லை என்ற விதி 2018 டிசம்பர் 5இல் நடைமுறைக்கு வந்தது. திருநர் உரிமை குறித்த 2014 தீர்ப்புக்குப் பிறகும் ஆண், பெண் என்ற இரண்டு வட்டங்களோடு நின்றுவிட்ட படிவங்களை நீங்களும் நிரப்பியிருப்பீர்கள். தீர்ப்பு வந்த பிறகும் யாரோ ஒருவர் உட்கார்ந்து நிரலை மாற்றி எழுத வேண்டியிருக்கிறது.

அந்த யாரோ ஒருவர் நம் பெண்களாகவும் இருக்கலாம். சென்னை ஐஐடி 2020இல் அறிவித்த இணையவழிப் பட்டப்படிப்பில் செயலி உருவாக்கம் ஒரு பாடமாகவே இருக்கிறது. அதில் சேராதவர்களும் ஒரு பழைய மடிக்கணினியில் எச்டிஎம்எல்லைத் தொடங்கலாம்.

பயிற்சிக்காக நான் வரைந்த அட்டவணையில் ‘தந்தை / கணவர்’ என்ற பத்தி இல்லை. ‘பாதுகாவலர்’ என்று ஒன்று, ‘அவர் உங்களுக்கு என்ன உறவு’ என்று ஒன்று. இரண்டையும் காலியாக விடலாம். கட்டாயம் என்று நான் குறித்தது மாணவியின் பெயரை மட்டும்.