ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையும் பல்குரற் பாடல் மரபும்

ஈழத்துத் தமிழிசையின் வரலாற்றை எழுத முற்பட்டோர் பண்ணிசை, கர்நாடக இசை, நாதஸ்வர தவில் மரபு, நாட்டாரிசை என்பவற்றோடு பெரும்பாலும் அமைந்துவிடுவர். 1960களின் பிற்பகுதியிலே தோன்றிப் பத்தாண்டுகளுக்கு மேலாக இந்நாட்டுத் தமிழிளைஞர் வாயிலே பயின்ற பொப்பிசை, அவ்வரலாறுகளில் ஓரிரு வாக்கியங்களுக்கு மேல் இடம்பெறுவது அரிது. அது வெறுங் கூத்தடிப்பு என ஒதுக்கியோரும் உளர். ஆயினும் அதே காலத்திற் சிங்கள மக்களிடையே எழுந்த பொப்பிசையோடு இதனை ஒப்புநோக்குமிடத்து ஒரு வினா எழுகின்றது. சிங்களப் பொப்பிசை குழுக்களின் பெயரால் நினைவுகூரப்படுகின்றது. தமிழ்ப் பொப்பிசையோ தனியாட்கள் சிலரின் பெயரால், பல வேளைகளில் எவர் பெயருமின்றியே, வழங்குகின்றது. இவ்வேறுபாடு எவ்வாறு வந்தது?

சிங்களத் திரையிசை தென்னிந்தியக் கலையகங்களிலே பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொரொந்துவ' 1947இல் வெளிவந்தபோது அது தயாரானதும் தென்னிந்தியாவிலேயே. இந்தி, தமிழ் மெட்டுக்களுக்குச் சிங்களச் சொற்களைப் பொருத்தும் வழக்கம் நெடுநாள் நீடித்தது. இதனின்றும் விலகியோர், ஹரி பெலபொன்ரேயினாற் புகழடைந்த கலிப்சோ இசையையும் இலத்தீன் அமெரிக்கக் கிற்றார்க் குழுக்களையும் முன்மாதிரியாகக் கொண்ட இளைஞர்கள் ஆவர். நெவில் பெர்னாண்டோவின் 'லொஸ் கபலேரோஸ்' இவ்வகையிற் குறிப்பிடத்தக்க குழு. அதன் பின் வந்ததே 'மூன்ஸ்டோன்ஸ்'. கிளரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் 1960களின் நடுப்பகுதியிலே தொடங்கிய இக்குழுவை, அறிவிப்பாளர் விஜய கொரயா 1967இல் வானொலி நேயர்களுக்கு அறிமுகஞ் செய்தார். 'மங்கோ நந்தா' என்னும் மாம்பழக்காரப் பெண்மணி பற்றிய பாடல் நாடெங்கும் பரவிற்று. பின்னர் இந்திராணி பெரேரா சேர்ந்ததும் ஆண்குரலிரண்டோடு பெண்குரலொன்றும் இணைந்தது. மின்கிற்றாரைச் சிங்கள இசைக்குக் கொணர்ந்தவர் என்ற பெருமை கிளரன்சுக்கு வழங்கப்படுகின்றது. ஆயினும் அதனினும் முக்கியமானது, பாடலை எழுதுவோரும் மெட்டமைப்போரும் பாடுவோரும் வாசிப்போரும் ஒரே குழுவினராக இருந்தமையே. ஜெரால்ட் விக்ரமசூரியவின் 'சூரியா' இசைத்தட்டுக்களில் பாடலோடு குழுவின் பெயரும் வீடு வீடாகச் சென்றது. 1970களின் தொடக்கத்திற் கிளரன்ஸ் பிரிந்து 'கோல்டன் சைம்ஸ்' குழுவை அமைத்தார். அனஸ்லி மீண்டும் வந்து சேர, அது 'சுப்பர் கோல்டன் சைம்ஸ்' ஆயிற்று. கிளரன்ஸ் 1996 டிசம்பர் 13இல் மறைந்தார். குழு உடைந்தாலும் கூடினாலும் இரசிகர் அதனை ஒரு குடும்பக் கதைபோலத் தொடர்ந்தனர்.

இக்குழுக்களின் ஈர்ப்புக்குப் பல்குரலிசையே அடிப்படையாகும். ஒருவர் மெட்டைப் பாட, மற்றொருவர் அதே சொற்களை அதே வேளையில் மூன்றாஞ் சுரத்திலோ ஐந்தாஞ் சுரத்திலோ பாடுவது இதன் இயல்பு. கிற்றார் ஒரே மீட்டலில் எழுப்பும் சுரக்கூட்டைக் குரல்கள் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன எனலாம். தேவாலயப் பாடகர் குழுவிற் பயின்ற செவிக்கு இது புதிதன்று. இராகத்திற் பழகிய செவிக்கோ இதிலே இடர் உண்டு. மோகனத்தை எடுத்துக்கொள்வோம். ச, ரி, க, ப, த என்னும் ஐந்து சுரங்களே அதற்குரியன. முதற்குரல் சட்சத்தில் நிற்க இரண்டாங்குரல் காந்தாரத்தில் நிற்பது பொருந்தும். ஆனால் முதற்குரல் ரிஷபத்திற்கு நகர்ந்ததும் இரண்டாங்குரல் மத்திமத்தைத் தொடவேண்டிவரும். பஞ்சமத்திற்குச் சென்றால் நிஷாதம் தேவைப்படும். மத்திமமும் நிஷாதமும் மோகனத்திற்கு அந்நியமானவை. இரண்டாங்குரல் புகுந்ததும் இராகம் கலைந்துவிடுகின்றது. பல்குரலிசை தமிழரிடையே வேரூன்றாமைக்குத் திறமைக் குறைவு காரணமன்று; இசையிலக்கணமே அதற்கு இடங்கொடுக்கவில்லை.

கிறிஸ்தவம் வழியாக இது யாழ்ப்பாணத்தில் வேரூன்றியிருக்கலாமே எனக் கேட்கலாம். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் இங்கு வந்தனர்; மேனாட்டுப் பாமாலைகளும் அவர்களோடு வந்தன. ஆனால் தமிழ்க் கிறிஸ்தவர் நெஞ்சிற் பதிந்தவை தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் போன்றோரின் கீர்த்தனைகளே. அவை இராக தாளத்துக்கு உட்பட்டவை. சபை முழுவதும் ஒரே சுரத்திற் பாடுதற்குரியவை. கரையோரக் கத்தோலிக்கக் கிராமங்களின் நாட்டுக்கூத்திலும் இதே நிலைமைதான். அண்ணாவியாரும் கூத்தனும் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவர். கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடலில் ஒருவர் எடுத்துக்கொடுக்க ஏனையோர் ஒருமிக்க மறுமொழி கூறுவர். கயிறும் அந்த மறுமொழியோடேயே கரைக்கு வரும். ஆகவே பலர் கூடிப் பாடுதல் யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. ஆனால் அது குரல்களை அடுக்கும் முறையன்று, ஒருவர் அழைக்கப் பலர் விடையிறுக்கும் முறையாகும்.

தமிழ்ப் பொப்பிசை கைக்கொண்டதும் இம்முறையையே. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம், அம்பாறை ஹாடி தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவராயிருந்த 1960களின் பிற்பகுதியிற் பாடத்தொடங்கினார். மாணவர் விடுதியும் கலைவிழாவுமே இவ்விசையின் தொட்டில் எனலாம். 'சின்ன மாமியே' மருமகன் முறையான இளைஞனுக்கும் மாமிக்கும் இடையே நிகழும் பேச்சாக அமைந்தது. 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' தவறணையையும் அதனாற் கெடும் குடும்பத்தையும் பற்றியது. இரண்டிலும் யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழி தயக்கமின்றிப் பயின்றது. வானொலிப் பேச்சிலே தென்னிந்திய உச்சரிப்பு மேன்மையாகக் கருதப்பட்ட அந்நாளில் இது சிறுசெயலன்று.

இதன் தாளம் பைலாவினுடையது. பைலா போர்த்துக்கேயரின் வழிவந்தோரிடமிருந்தும், அவர்கள் கொணர்ந்த ஆபிரிக்கரின் வழிவந்தோரிடமிருந்தும் பரவியது. பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்தியான் அதற்குச் சிங்கள உருவங் கொடுத்தார். மும்மூன்றாகப் பகுபடும் ஆறெண்ணிக்கை அதன் நடை. திச்ர நடைக்குப் பழகிய தமிழ்ச் செவிக்கு அது எளிதில் ஒத்துவந்தது. தாளத்தை ஏற்றுக்கொண்ட தமிழர் பல்குரலை ஏற்காததற்குரிய விளக்கமும் இதிலேயே உண்டு.

ஏ. ஈ. மனோகரன் இவ்விசையைப் பெருமேடைக்குக் கொண்டுசென்றார். பொப்பிசைச் சக்கரவர்த்தி என்னும் பட்டம் சற்று மிகையெனினும், மேடையில் அவரைக் கண்டோர் அதனை மறுக்கார். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை, ஸ்ரான்லி சிவானந்தன் முதலியோரும் உடன்நின்றனர். இவர்கள் ஒவ்வொருவரும் தனிப்பாடகர்கள். பல்லவியைத் திரும்பப் பாடும் பொறுப்பு சபையோருடையது. மூன்ஸ்டோன்சின் இரசிகர் கேட்டு மகிழ்ந்தனர். தமிழ்ப் பொப்பிசையின் இரசிகரோ குழுவின் மற்றைய உறுப்பினராகவே ஆகிவிட்டனர்.

பொருளாதாரச் சூழலும் துணைநின்றது. 1970இல் ஆட்சிக்கு வந்த அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் தென்னிந்திய வெளியீடுகளின் வரவு சுருங்கிற்று. உள்நாட்டுக் கலைகளுக்கு அது மூச்சுவிட இடங்கொடுத்தது. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களிற் சின்னமேளத்தின் இடத்தை மெல்லிசைக் கோஷ்டிகள் பற்றிக்கொண்டன. கண்ணன் கோஷ்டி போன்றவற்றின் நிகழ்ச்சிக்கு விடியும்வரை சனம் காத்திருந்தது. ஆயினும் கோஷ்டிகளின் பெரும்பகுதி நேரத்தைச் சினிமாப் பாடல்களே கொண்டன. பொப்பிசை இடையிலே துள்ளிவிட்டுப் போகும் விருந்தாளியாகவே இருந்தது. 1960இல் மருதனார்மடத்தில் நிறுவப்பெற்று 1975இல் யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்த இராமநாதன் இசைக்கல்லூரி கர்நாடக இசைக்குச் செய்த பணி பெரிது. துள்ளிசையை ஆராயவோ தொகுக்கவோ அவ்வாறான நிறுவனம் எதுவும் இருந்ததில்லை. 1977இன் திறந்த பொருளாதாரத்தோடு ஒலிநாடாக்கள் குவிந்தன. அவற்றோடு தென்னிந்தியத் திரையிசையும் முன்னிலும் வேகமாக வந்தது.

சபையோர் அனைவரும் பாடகராகிய இவ்விசைக்கு அதன் வெற்றியே இழப்பாகவும் முடிந்தது. எல்லோர்க்கும் உரிய பாடல் ஆக்கியோன் பெயரை விரைவில் உதிர்த்துவிடுகின்றது. 'சின்ன மாமியே' என்பதை ஆசிரியர் பெயர் அறியாத நாட்டார் பாடலெனக் கருதுவோர் இன்றும் பலர். அதனைப் பாடியவரோ அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். சிங்களமும் தமிழும் விரவிய, மீன் கொண்டுவந்த செய்தி கூறும் 'சுராங்கனி', 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் தமிழ்நாட்டுப் படத்தில் இளையராஜாவின் இசையில் மலேசியா வாசுதேவன் குரலில் ஒலித்தது. அப்படத்தால் அதனை அறிந்தோர்க்கு அது சினிமாப் பாடலே. மனோகரனும் 'வாடைக்காற்று' (1978) முதலிய ஈழத்துப் படங்களில் நடித்ததோடு, தமிழ்நாட்டுப் படங்களிலே 'சிலோன் மனோகர்' என்னும் பெயரில் வில்லன் வேடங்களை ஏற்றார். தம் பாடல்களால் அடையவேண்டிய பெயரை ஊர்ப்பெயரோடு சுமந்து திரிந்தார் எனின் மிகையாகாது.

1983இன் பின்னர் விடியவிடிய நடக்கும் மேடைகள் அருகின. தீபகற்பத்து இளைஞர் வாயிற் போராட்டப் பாடல்கள் இடம்பிடித்தன. 1990இலிருந்து மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில் மிதிவண்டி டைனமோவைச் சுழற்றியே வானொலி கேட்கப்பட்டது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வெளியேறியபோது, வீடுகளில் விட்டுச்சென்றவற்றுள் ஒலிநாடாக்களும் இசைத்தட்டுக்களும் அடங்கும். மனோகரன் 2018 ஜனவரி 22இல் சென்னையிற் காலமானார். புலம்பெயர்ந்த நாடுகளின் திருமண மண்டபங்களில் அப்பாடல்கள் தொடங்கும்போது, பல்லவிக்கு இன்றும் சபை முழுவதும் குரல்கொடுக்கின்றது. அனைவரும் ஒரே சுரத்திலேயே.