கைவேலை மருந்துச்சீட்டில் ஏறிய கதை

"நல்லா ரெஸ்ட் எடுங்க."

டாக்டர்கள் வாயிலிருந்து அடிக்கடி வரும் வாக்கியம் இது. காய்ச்சலுக்கும் சொல்வோம், ஆபரேஷன் முடிந்த பிறகும் சொல்வோம். வீட்டில் இருப்பவர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். உடம்பு தேறிய அம்மா பூ தொடுக்க உட்கார்ந்தால், "நீங்க சும்மா இருங்கம்மா" என்று நாரையும் பூவையும் பிடுங்கி வைத்துவிடுவார்கள். எல்லாம் பாசம்தான்.

ஆனால் சும்மா இருப்பது மருந்தா, கையால் ஏதாவது செய்வது மருந்தா என்று மருத்துவ உலகத்துக்குள்ளேயே பெரிய சண்டை நடந்திருக்கிறது தெரியுமா? ஏறக்குறைய 150 வருடக் கதை. அமெரிக்காவில் ஆரம்பித்து நம்ம வேலூர் வரைக்கும் வருகிறது.

கொஞ்சம் நீளமான இழை. சாயங்காலம் டீயோடு உட்கார்ந்து படிங்க.

1870களின் ஃபிலடெல்ஃபியா. அங்கே சைலஸ் வியர் மிட்செல் என்று ஒரு நரம்பியல் மருத்துவர். லேசுப்பட்ட ஆள் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்புக் காயங்களுக்குச் சிகிச்சை அளித்தவர். காலை வெட்டி எடுத்த பிறகும் அந்த இல்லாத காலில் வலிக்கிறது என்று சொன்ன வீரர்களை நம்பி, கவனித்து, அதற்கு 'மாய உறுப்பு' என்று பொருள்படும் பெயரை வைத்தவர். இன்றைக்கும் நாங்கள் அந்தப் பெயரைத்தான் பயன்படுத்துகிறோம்.

போர் முடிந்த பிறகு அவரிடம் வந்த நோயாளிகள் வேறு மாதிரி. தீராத களைப்பு, தூக்கமின்மை, காரணம் இல்லாத அழுகை, பசியின்மை. அந்தக் காலத்தில் இதற்கு 'நியூரஸ்தீனியா' என்று பெயர். நரம்புத் தளர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதற்கு மிட்செல் கண்டுபிடித்த வைத்தியம்தான் 'ஓய்வுச் சிகிச்சை'. 1877ல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். ஆறு முதல் எட்டு வாரம் படுக்கை. குடும்பத்தார் யாரும் பார்க்கக்கூடாது. பாலும் கொழுப்பும் நிறைந்த சாப்பாடு. உடம்பு இளகிப்போகாமல் இருக்க மசாஜ், லேசான மின்சாரத் தூண்டல்.

முதல் சில வாரங்களுக்கு எழுந்து உட்காரக்கூடாது. படிக்கக்கூடாது, எழுதக்கூடாது, தைக்கக்கூடாது. பல் துலக்குவதைத் தவிர வேறு எதற்கும் கையை உபயோகிக்கக்கூடாது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, அவரே எழுதி வைத்த விதி இது.

இந்தப் படுக்கைச் சிகிச்சை பெரும்பாலும் பெண்களுக்கு. ஆண்களுக்கு? அவர்களில் சிலரை மேற்குப் பக்கம் அனுப்பி வைத்தார். குதிரை ஏறு, காட்டில் சுற்று, வேட்டையாடு என்று. 1885ல் ஓவன் விஸ்டர் என்ற இளைஞரை வயோமிங்குக்குப் போகச் சொன்னார். அந்த ஆள் போனார், தேறினார், பிற்பாடு கௌபாய் நாவல் எழுதிப் பேர் வாங்கினார்.

ஒரே தளர்ச்சி. ஆணுக்குக் குதிரை, பெண்ணுக்குக் கட்டில்!

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், சரியாகச் சாப்பிடாமல் எலும்பும் தோலுமாக வந்த சிலருக்கு அந்தச் சாப்பாடும் ஓய்வும் பலன் கொடுத்தன. அதனால்தான் இந்த வைத்தியம் கடல் தாண்டி இங்கிலாந்து வரை பரவியது. ஆனால் எல்லோருக்கும் அது ஒத்துவரவில்லை.

1887ல் அவரிடம் வந்தவர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன். குழந்தை பிறந்த பிறகு கடுமையான மனச்சோர்வு. ஓய்வுச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, இனி பேனாவையும் தூரிகையையும் தொடவே கூடாது என்று அவருக்கு உத்தரவு. எழுத்தும் படம் வரைவதும்தான் அந்தப் பெண்ணுக்கு உயிர் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

சில மாதங்கள் அந்த உத்தரவைக் கடைப்பிடித்தார். புத்தி பேதலிக்கும் விளிம்பு வரை போனதாகப் பின்னாளில் எழுதினார். பிறகு உத்தரவைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி வேலையில் இறங்கினார், மெல்ல மீண்டார். அந்த அனுபவத்தை வைத்து 1892ல் அவர் வெளியிட்ட 'மஞ்சள் சுவர்த்தாள்' என்ற சிறுகதை இன்றும் உலகம் முழுக்கப் பாடமாக இருக்கிறது.

டாக்டர் எழுதிய சீட்டை நோயாளி திருத்தினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வருகிறவர் ஹெர்பர்ட் ஹால். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மார்பிள்ஹெட் என்ற கடலோர ஊரில் டாக்டர். இவரிடம் வந்ததும் அதே நியூரஸ்தீனியா நோயாளிகள்தான். 1904 வாக்கில் இவர் ஒரு பட்டறை திறந்தார். தறி, களிமண் சக்கரம், மரம் செதுக்கும் உளி. நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தேர்ந்த கைவினைஞர்களை அமர்த்தினார்.

முறை எளிமையானது. முதலில் படுக்கையிலேயே செய்யக்கூடிய சின்ன வேலை. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து. அப்புறம் பட்டறையில் நின்று. மருந்தின் அளவைக் கூட்டுவதுபோல வேலையின் அளவைக் கூட்டுவது. ஓய்வுச் சிகிச்சைக்குப் போட்டியாக இதற்கு 'வேலைச் சிகிச்சை' என்று பெயர் வைத்து, ஐந்து வருட அனுபவத்தை 1910ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. நோயாளிகளுக்காக ஆரம்பித்த மண்பாண்டப் பிரிவு சில வருடங்களில் தனித் தொழிலாகவே பிரிந்து போய்விட்டது. அந்த மார்பிள்ஹெட் ஜாடிகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

இதே காலத்தில் ஜார்ஜ் பார்ட்டன் என்று ஒரு கட்டடக் கலைஞர். காசநோய், காலில் ஒரு பகுதி வெட்டி எடுப்பு, அதன் பிறகு இடது பக்கம் பக்கவாதம். ஒரே ஆளுக்கு இவ்வளவும். தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்து செய்தே தன் கையை மீட்டார். அந்த அனுபவத்தில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் ஊரில் 1914ல் 'ஆறுதல் இல்லம்' திறந்தார்.

1917 மார்ச் மாதம் அந்த வீட்டில் ஆறு பேர் கூடினார்கள். பார்ட்டன், அவருடைய செயலாளர், ஒரு மனநல மருத்துவர், ஒரு சமூக சேவகி, ஒரு கைவினை ஆசிரியை, இன்னொரு கட்டடக் கலைஞர். ஆறு பேரில் டாக்டர் ஒருவர்தான் என்பதைக் கவனியுங்கள். இன்று 'ஆக்குபேஷனல் தெரபி' என்று நாம் சொல்லும் துறை அங்கேதான் சங்கமாக உருவெடுத்தது. அதன் முதல் தலைவர், நோயாளியாக இருந்து மீண்ட பார்ட்டன்.

அடுத்த மாதமே அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. கை கால் இழந்தவர்களும், பீரங்கிச் சத்தத்தில் மனம் உடைந்தவர்களும் ஆஸ்பத்திரிகளில் நிரம்பினார்கள். பெண்கள் பலர் பயிற்சி பெற்று, அந்த வார்டுகளில் கூடை பின்னவும் நெய்யவும் கற்றுக்கொடுத்தார்கள்.

இங்கிலாந்தில் எர்னஸ்ட் தெசிஜர் என்ற நடிகர் போருக்குப் போய்க் கையில் காயத்தோடு திரும்பியவர். எம்ப்ராய்டரியில் கெட்டிக்காரர். ஊனமுற்ற வீரர்களுக்கு எம்ப்ராய்டரி கற்றுக்கொடுத்து, சம்பாதிக்கவும் வழிசெய்த அமைப்பை உருவாக்கியதில் இவருக்கும் பெரிய பங்கு.

லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயத்தில் 1919ல் போர் முடிந்ததற்கான நன்றி வழிபாடு நடந்தது. அன்று பலிபீடத்தை அலங்கரித்த பூவேலைத் துணி, 130க்கும் மேற்பட்ட காயம்பட்ட வீரர்கள் ஆஸ்பத்திரிகளில் இருந்தபடி தனித்தனித் துண்டாகத் தைத்தது. ஊசி நூல் பெண்கள் சமாச்சாரம் என்று நினைக்கிற ஆண்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிங்க.

ஆனால் இந்தக் கதைக்கு ஒரு இருண்ட பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும்.

பெரிய மனநல விடுதிகளில் 'வேலைதான் சிகிச்சை' என்ற பேச்சு மெல்ல 'சம்பளம் இல்லாத வேலையாள்' என்று ஆகிப்போனது. சலவை, சமையல், விவசாயம் எல்லாம் நோயாளிகள் தலையில். வருடக்கணக்கில். கேட்டால் 'தெரபி' என்பார்கள். அமெரிக்காவில் 1973ல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான், விடுதிக்காக உழைக்கும் நோயாளிக்கும் தொழிலாளர் கூலிச் சட்டம் பொருந்தும் என்று ஆனது.

ஆக, கையில் வேலையைத் திணித்தால் மட்டும் மருந்தாகிவிடாது. அந்த வேலை யாருக்காக, யார் தேர்ந்தெடுத்தது, பலன் யாருக்குப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது மருந்தா சுரண்டலா என்று முடிவாகும்.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட இடங்களில் ஒன்று நம்ம ஊரிலேயே இருக்கிறது.

டாக்டர் பால் பிராண்ட். 1914ல் கொல்லிமலையில் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படிப்பதற்கு முன்னால் சில வருடங்கள் தச்சு வேலையும் கொத்து வேலையும் முறையாகக் கற்றவர். 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, வேலை செய்யும் தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை அங்கே வளர்த்தெடுத்தார். விரல்கள் நோயால் தானாக உதிர்வதில்லை, உணர்ச்சி இல்லாததால் அடிபட்டு அடிபட்டுத்தான் தேய்கின்றன என்று காட்டியதும் அவர்தான்.

ஆபரேஷன் வெற்றி. கை திறந்தது. ஆனால் சிலர் திரும்பி வந்து சொன்னது அவரை உலுக்கிவிட்டது. இந்தக் கை பிச்சை எடுக்க லாயக்கில்லையாம்! மடங்கிய கையைப் பார்த்தால் ஜனங்கள் காசு போடுவார்கள். நிமிர்ந்த கைக்கு யாரும் போடுவதில்லை. தொழுநோய் வந்தவர் என்பதால் வேலையும் கிடைப்பதில்லை.

அறுவை சிகிச்சை பாதிதான் என்று அவருக்கு விளங்கியது அப்போதுதான். 1950களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்திலேயே 'நவ ஜீவ நிலையம்' உருவானது. கிராமம் மாதிரி சின்னச் சின்ன வீடுகள், ஒரு தச்சுப் பட்டறை. தச்சு கற்ற டாக்டர், தான் நிமிர்த்திய கைகளுக்கு உளி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். மர பொம்மைகள் செய்தார்கள்.

உணர்ச்சி இல்லாத கையில் சுத்தியல் பிடித்தால் கொப்புளம் வந்தாலும் தெரியாது. அதனால் வேலை முடிந்ததும் கையைப் பரிசோதிப்பது வழக்கமானது. எந்தக் கருவியின் பிடி காயம் தருகிறது என்று பார்த்து அந்தப் பிடியை மாற்றினார்கள். கையைக் கருவிக்கு ஏற்ப வளைக்காமல், கருவியைக் கைக்கு ஏற்ப மாற்றினார்கள்.

அதே வேலூரில்தான் டாக்டர் மேரி வர்கீஸ். 1954ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய்ப் புனர்வாழ்வு மருத்துவம் படித்து வந்து, அந்தத் துறையையே வேலூரில் கட்டி எழுப்பினார்.

சரி, கைவேலையில் அப்படி என்னதான் இருக்கிறது?

மூளையின் புறணியில் உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் முதுகு முழுவதற்கும் கிடைத்ததைவிட விரல்களுக்குக் கிடைத்த இடம் மிக அதிகம். இரண்டு கையும் கண்ணும் கவனமும் சேர்ந்து உழைக்கும்போது, நேற்றைய கவலைக்கும் நாளைய பயத்துக்கும் அங்கே கொஞ்சம் இடம் குறைகிறது. கடைசியில் கையில் ஒரு பொருள் மிஞ்சுகிறது. "இதை நான் செய்தேன்" என்று காட்ட முடிகிறது.

2023ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 16 நாடுகள், 65 வயதுக்கு மேற்பட்ட 93,263 பேர். ஏதாவது ஒரு பொழுதுபோக்கு இருப்பவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாகவும், மகிழ்ச்சியும் வாழ்க்கைத் திருப்தியும் அதிகமாகவும் இருந்தன. இது காரணத்தை நிரூபிக்கும் ஆய்வு இல்லை. மனசு நன்றாக இருப்பவர்தானே பொழுதுபோக்கில் இறங்குவார் என்று நீங்கள் கேட்டால் அதுவும் நியாயமான கேள்வி. ஆனாலும் அலட்சியப்படுத்தக்கூடிய தகவல் இல்லை.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம்.

ரிட்டயர் ஆன அப்பா, உடம்பு தேறிவரும் அம்மா, யாராக இருந்தாலும் "உங்களுக்கு என்ன செய்யப் பிடிக்கும்?" என்று முதலில் கேளுங்கள். வயர் கூடையில் சிவன் கண் முடிச்சோ நெல்லிக்காய் முடிச்சோ, பூ தொடுப்பதோ, பழைய ரேடியோவைப் பிரித்துப் பார்ப்பதோ, அவர்கள் சொல்வது எதுவானாலும் சரி. நீங்கள் வாங்கி வந்து திணிக்காதீர்கள்.

சின்னதாக ஆரம்பிக்கட்டும். முதல் கூடை கோணலாக வந்தால் வரட்டும். பக்கவாதம் வந்தவர் என்றால் பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருவரிடமும் கேட்டு எந்தக் கைக்கு எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள்.

சர்க்கரை நோயால் விரல் மரத்துப்போனவர்கள், பிராண்ட் சொல்லிக்கொடுத்ததை மறக்காதீர்கள். ஊசி, கத்தரி எடுத்த நாளெல்லாம் வேலை முடிந்ததும் வெளிச்சத்தில் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கண்புரை இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கழுத்தை நிமிர்த்துங்கள்.

டாக்டர் குறிப்பிட்ட காலத்துக்குக் கட்டாய ஓய்வு சொல்லியிருந்தால் அதை மீறாதீர்கள். எத்தனை நாள் என்று மட்டும் தெளிவாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே இருந்தால், எதிலும் பிடிப்பு இல்லையென்றால், கூடை பின்னினால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை தேவைப்பட்டால் மாத்திரை, அதோடு கைவேலை.

அடுத்த தடவை அம்மா பூவும் நாருமாக உட்கார்ந்தால் பிடுங்காதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் இரண்டு முழம் தொடுக்கக் கத்துக்கங்க.

உங்கள் வீட்டில் யார் என்ன கைவேலை செய்கிறார்கள்? கமெண்டில் படத்தோடு போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.